ஒரு பீடிக்கு நாலு விரல்

– அண்ணா, நீங்க மறுபடியும் செத்துட்டீங்க.

– இன்னா டீச்சரம்மா, காத்தாலேந்து மூணு வாட்டி சாவடிச்சிட்ட. நான் இன்னா பாவம் பண்ணேன் ஒனக்கு?

– நானா சாவடிச்சேன்? திரையப் பாருங்க. சிமெண்ட் பைப்பத் தூக்கினீங்க, கரெக்ட். வண்டியத் திருப்பினீங்க, அதுவும் கரெக்ட். அப்புறம் எதுக்கு பொக்லைன் கைய மேல மேல ஏத்திக்கிட்டே போனீங்க? பக்கெட் போய் கரண்ட் கம்பியில பட்டுடுச்சு. ஸோ, செவப்பு எழுத்துல வந்துடுச்சு, 'ஓட்டுநர் எல்லப்பன் மரணம்'.

– சரோ, பாத்தியாடி? பேரு மொதக்கொண்டு போட்டு கீறாங்க.

– பாத்தேன் மாமா. பக்கத்துல ஒரு பூமாலை கூட வருது. பொண்டாட்டிய பக்கத்துல ஒக்கார வெச்சிகினு மூணு வாட்டி போய்ச் சேந்துட்ட.

– சரோஜாக்கா, நீங்க சிரிச்சா அண்ணாவுக்கு கவனம் போயிடுது. கொஞ்சம் வெளில உக்காருங்களேன்.

– வெளில அக்கினி வெயிலு கண்ணு. இங்க ஏசி கீது. நான் வாயப் பொத்திக்கினு ஒக்காந்துக்கறேன், நீ நடத்து.

– நடத்தறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஒருத்தருக்கு நாலு சான்ஸ். மூணு போயிடுச்சு. நாலாவதும் போச்சுன்னா அண்ணா மூணு மாசம் கழிச்சுதான் மறுபடி வரணும்.

– மூணு மாசமா! டீச்சரம்மா, இன்னிக்கி நாலு மணிக்குள்ள உன் சர்டிபிகேட்ட கொண்டும்போயி காண்ட்ராக்டர் உப்பிலி சாராண்ட காட்டணும். கல்பாக்கத்துல கடலோரமா பாறாங்கல்லு அடுக்கற வேல. ஒன்றர வருஷத்து வேல. இந்த கம்ப்யூட்டர்ல ஓட்டி பாஸ் பண்ணவன் தான் பொக்லைன்ல ஏறணும்னு அவங்க ரூலு. அந்த மனுசன் எங்க வண்டியப் பாக்க காத்தாலயே எங்க ஊரு ஏரிக்கு வந்துட்டாரு. சர்டிபிகேட்ட கண்ணால பாத்துட்டு தான் கெளம்புவேன்னு அங்கியே ஒக்காந்துனு கீறாரு.

– உங்க ஊர் எது?

– திருப்போரூரத் தாண்டி உள்ளாற போவணும். ஆறு மாசமா அந்த ஏரிய தூர் வாரிகினு கீறேன்.

– இந்த வேல கெடைக்கலன்னா வண்டிய வித்துட்டு மறுபடி ஒடிசாவுக்கு போவணும் கண்ணு, அடுத்தவன் வண்டிய ஓட்ட. போன வாட்டி பத்து மாசம் கழிச்சி வந்தாரு. எங்க வூட்டு நாயி இவர அடையாளம் தெரியாம உள்ளாறயே வுடல.

– நாயி வுட்டுச்சி டீச்சரம்மா. இவ தான் அர நாளு வுடல.

– ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. அண்ணா, எத்தன வருஷமா ஓட்டறீங்க?

– இருவத்தி ரெண்டு வருஷம். ஒரு தீப்பெட்டிய கல்லு மேல நிக்க வெச்சி, பக்கெட் பல்லுல குச்சிய கட்டி ஒரசி பத்த வெப்பேன். அந்த நெருப்புல பீடி குடிச்சி கீறேன். வேணும்னா ஊர்ல கேளு.

– அப்ப இங்க மட்டும் ஏன் செத்துப் போறீங்க?

– உன் வண்டி தான் சரியில்ல.

– என் வண்டியா? அண்ணா, இந்த மாடல எழுதினதே நான் தான். ரெண்டு வருஷம்! பம்பு, வால்வு, சிலிண்டர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கணக்கு போட்டு, எந்த ஓட்டை வழியா எவ்வளவு அழுத்தத்துல ஆயில் போகுதுன்னு பாத்துப் பாத்து செஞ்சேன். நீங்க லீவர ஒரு நூல் அசைச்சா போதும். ஒரு செகண்டுக்குள்ள ஆயிரம் தடவ கணக்கு பண்ணி, கை எவ்வளவு ஏறணும்னு சொல்லிடும். ஸோ, வண்டியக் குத்தம் சொல்லாதீங்க.

– ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ எப்பனா நெஜ பொக்லைன்ல ஏறி ஒக்காந்து கீறியா?

– இல்ல.

– ரெண்டு வருஷத்துல ஒரு வாட்டி கூடயா?

– எனக்கு உயரம்னா பயம்.

– சரோ, கேட்டியா?

– நான் வாயப் பொத்திக்கினு கீறேன் மாமா. என்ன எதுவும் கேக்காத.

– சிரிங்க, சிரிங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வருது அண்ணா. உங்க கை என்ன பண்ணுதுன்னு இங்க பதிவாகியிருக்கு. இந்தக் கோடு உங்க வலது கை. பைப்பத் தூக்கி நிறுத்தின அப்புறமும் நீங்க லீவர விடவே இல்ல. ரொம்ப லேசா இழுத்துக்கிட்டே இருக்கீங்க. மூணு தடவையும் அதே மாதிரி. எதுக்கு?

– இழுக்கலன்னா கை எறங்கிடும் இல்ல?

– எதுக்கு எறங்கும்?

– எதுக்கு எறங்குமா? சிலிண்டர்ல சீல் தேஞ்சி கெடக்குது. ஆயிலு இந்தாண்டலேந்து அந்தாண்ட கசிஞ்சிகினே இருக்கும். தோள்ல போட்ட கொழந்த தூங்கசொல்ல கொஞ்சம் கொஞ்சமா சரியும் பாரு, நாம அப்பப்போ தூக்கிப் போட்டுக்குவோமே, அந்த மாதிரி. எம் மனசுக்கே தெரியாது, கை தானா இழுத்துக்கும்.

– ஐயோ.

– இன்னா ஐயோ?

– அண்ணா, என் வண்டியில கசிவு பூஜ்யம்.

– பூஜ்யம்னா?

– ஒரு சொட்டு கசியாது. நீங்க எங்க நிறுத்தினீங்களோ அங்கயே நிக்கும். புது வண்டி. எறங்காத கைய நீங்க தூக்கித் தூக்கி, கடைசில கரண்ட் கம்பியில கொண்டு போய் குடுத்துட்டீங்க.

– கசியாத பொக்லைனா? அப்புடி ஒண்ணு ஒலகத்துல கீதா? இருவத்தி ரெண்டு வருஷத்துல நான் பாத்ததே இல்லியே.

– புதுசா ஃபேக்டரிலேந்து வரப்ப அப்படித்தான் இருக்கும்.

– புதுசுல எவன் எனக்கு குடுத்தான்? எல்லாரும் ஓட்டி ஓட்டி ஒடச்ச அப்பறம் தான் எங்கையில குடுத்தாங்க. கல்யாணமான அன்னிக்கி மாமனாரு ஒரு சைக்கிள் குடுத்தாரு. அதுவே கசியும்.

– மாமா, எங்கப்பன இழுக்காத. சைக்கிள்ல இன்னா கசியும்?

– காத்துடி.

– இருங்க, இருங்க. இந்த மெனுவுல கீழ ஒண்ணு இருக்கு. 'வண்டியின் நிலை: புதியது, பழையது.' பழையதுன்னு போட்டும் பரீட்சை குடுக்கலாம், விதியிலயே இருக்கு. நான் தான் எழுதி வெச்சேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ஏன்னா வண்டிக்கு என்னென்ன வியாதின்னு பதினாலு கட்டத்துல நம்பர் போடணும். உங்களால சொல்ல முடியுமா?

– வியாதியா? பதினாலு பத்துமா டீச்சரம்மா?

– சரி, மொதல் கட்டம். சீல் கசிவு. நிமிஷத்துக்கு எத்தன மில்லி?

– மில்லில இன்னா தெரியும் எனக்கு? கைய தூக்கி நிறுத்திட்டு ஒரு பீடி பத்த வெச்சன்னு வெய்யி. அது முடியறதுக்குள்ள நாலு விரலு எறங்கும்.

– ஒரு பீடி எத்தன நிமிஷம்?

– அஞ்சி நிமிஷம் கண்ணு. பேசிக்கினே குடிச்சா ஏழு.

– அக்கா, பேசாம குடிக்கறதையே எடுத்துக்கறேன். ஒரு விரல் எத்தன மில்லிமீட்டர்? அண்ணா, கைய நீட்டுங்க, ஸ்கேல் வெக்கறேன். பத்தொம்பது. நாலு விரலுக்கு எழுபத்தாறு. ஸோ, அஞ்சு நிமிஷத்துக்கு எழுபத்தாறு மில்லிமீட்டர். அடேயப்பா, இவ்வளவு கசிவா! இது வண்டியா, வடிகட்டியா?

– அது காத்தால கணக்கு கண்ணு. மத்தியானம் ஆறு விரலு எறங்கும்.

– ஆறா? மத்தியானம் அப்புடி எறங்கி நான் பாத்ததில்லியே சரோ?

– எறங்கும் மாமா. நீ எழுதிக்க கண்ணு.

– அக்கா சொல்றது சரிதான் அண்ணா. வெயில்ல சிலிண்டர் சுட்டா உள்ள இருக்கற ஆயில் இளகிடும். இளகினா இன்னும் வேகமா கசியும். காலையில நாலு, பன்னண்டு மணிக்கு மேல ஆறு. போட்டாச்சு. அடுத்தது, பம்பு?

– பம்பு கெழவனாட்டம். ஒரு வேல சொன்னா செய்வான். கையும் தூக்கு, வண்டியும் திருப்புன்னு ரெண்டு வேல சேந்து சொன்னா ஒண்ண மறந்துடுவான்.

– தேய்மானம் முப்பது சதவீதம்னு போடறேன். மூட்டுல இருக்கற பின்னுல ஆட்டம் இருக்கா?

– பக்கெட்டு பின்னா? கோயில் மணியாட்டம் டொக்கு டொக்குன்னு ஆடும்.

– திருப்பினா டக்குனு நிக்குமா?

– நிறுத்தினப்பறம் ஒரு மொழம் போயி தான் நிக்கும் கண்ணு. அதுக்கு முன்னாடியே கைய எடுத்துடணும்.

– ஆமாண்டி, கரெக்டா சொன்ன. நான் சாப்புடசொல்ல பொலம்பறது எல்லாத்தையும் காதுல வாங்கி வெச்சிகினு கீறா பாரேன்.

– நல்லா சொல்றீங்கக்கா. அடுத்தது எரிபொருள்.

– அது தான் பேஜாரு டீச்சரம்மா. காத்தால அஞ்சி மணி நேரம் தோண்டறதுக்கு எவ்ளோ டீசல் குடிக்குதோ, மத்தியானம் சும்மா நின்னுகினே அதுல பாதிய குடிக்கிது.

– சும்மா நின்னா எப்படி குடிக்கும்?

– சோறு துன்னுட்டு ரெண்டு மணி நேரம் பொன்னி டீக்கடை பெஞ்சில படுப்பேன். கரை மேலயே கீது அவ கடை. எஞ்சின் சத்தம் காதுல வுழுந்தா தான் எனக்கு தூக்கமே வரும். அதனால நிறுத்த மாட்டேன், லேசா ஓடவுட்டு படுத்துப்பேன்.

– லேசா ஓடற எஞ்சின் அவ்வளவு குடிக்க சான்ஸே இல்லயே. மாடல் ஒத்துக்கவே மாட்டேங்குது.

– அத வுடு கண்ணு. வெயிலுக்கு ஆவியாயி போயிடுது. அடுத்த கட்டம் இன்னான்னு பாரு.

– சரி. பதினாலும் முடிஞ்சுது. அண்ணா, நல்லா கேட்டுக்கங்க. இது கடைசி சான்ஸ். பைப்பத் தூக்கணும், கம்பிக்குக் கீழ திருப்பணும், பள்ளத்துல வெக்கணும். நான் பட்டனத் தட்டப் போறேன்.

– இரு, சாமிய கும்புட்டுக்கறேன். திருப்போரூர் முருகா, இந்த கம்ப்யூட்டர் உள்ளாறயும் நீதான் இருக்கணும். ஆங், தட்டு.

– அண்ணா, ஸ்டார்ட் ஆயிடுச்சு. பைப்ப எடுங்க. மெதுவா. நான் பாக்க மாட்டேன், கண்ண மூடிக்கறேன். அக்கா, நீங்க சொல்லுங்க.

– தூக்கிட்டாரு கண்ணு.

– சரியறா பாரு, சரியறா பாரு! சரோ, இது நம்ம வண்டிடி! அதே கிறுக்குச்சி! திருப்பசொல்ல பம்பு மறக்கறான் பாரு! டொக்கு டொக்குன்னு சத்தம் கூட வருது!

– கம்பியாண்ட போறாரு கண்ணு. தலைக்கு மேல கம்பி. கைய இழுத்துப் புடிச்சினே போறாரு. தாண்டிட்டாரு!

– தாண்டிட்டாரா? நெஜமாவா?

– தாண்டிட்டாரு. மாமா, திருப்பறத நிறுத்து, இப்பவே கைய எடு, ஒரு மொழம் கீது. ஆங். எறக்கு. இன்னும் எறக்கு. கண்ணு, வெச்சிட்டாரு! நீ கண்ணத் தொறக்கலாம்.

– தொண்ணூத்தி ஆறு! அண்ணா, தொண்ணூத்தி ஆறு மார்க்! இந்த வருஷத்துல இங்க யாரும் இவ்வளவு வாங்கல!

– மீதி நாலு எங்க போச்சி?

– தேவையில்லாம ஹாரன் அடிச்சதுக்கு.

– குறுக்கால எரும வந்தா?

– என் மாடல்ல எரும இல்ல அண்ணா.

– அதான் சொல்றேன், ஒரு வாட்டி ஏரிக்கு வந்து பாரு. ஏன்டி சரோ, கண்ணத் தொடச்சிக்கினு கீற?

– ஏசி காத்து மாமா. ஒடிசா இல்லன்னா அந்த டிரங்குப் பொட்டிய அட்டத்துல ஏத்திடலாம். கட்டிலுக்கு அடில கெடந்து காலுல இடிச்சினே கீது.

– சர்டிபிகேட் பிரிண்ட் ஆக அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு பாக்கறேன் அண்ணா. உங்க வண்டிய எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, கைய தூக்கினபடியே விட்டா என்ன ஆகும்னு நூறு மடங்கு வேகத்துல ஓட்டறேன். பாருங்க, பாருங்க. எவ்வளவு அழகா எறங்குது. எறங்கி, எறங்கி, தரையில தலைய வெச்சுப் படுத்துடுச்சு.

– மாமா.

– இன்னாடி?

– இன்னிக்கி நீ வண்டிய எப்புடி நிறுத்திட்டு வந்த? நான் வூட்லேந்து நேரா பஸ்ல வந்துட்டேன், பாக்கல.

– எப்புடின்னா... நிறுத்தினேன்.

– பக்கெட்ட தரையில வெச்சிட்டு தான வந்த? மாமா, உன் மூஞ்சி ஏன் இப்புடிப் போவுது?

– நெழலு இல்லடி. ஏரியில ஒரு மரம் கெடையாது, கருவேலத்த எல்லாம் நான் தான் புடுங்கிப் போட்டேன். உப்பிலி சாரு புது காரு. 'எல்லப்பா, சீட்டு கொதிக்கும்யா, எங்க நிறுத்தறது?'ன்னு கேட்டாரு. நல்ல பேரு வாங்கலாமேன்னு பார்த்தேன்.

– இன்னா பண்ண?

– கைய நல்லா தூக்கி, பக்கெட்ட அவரு காருக்கு மேல கொடை மாதிரி புடிச்சேன். எஞ்சின நிறுத்தி, சாவிய புடுங்கினு வந்துட்டேன். ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்னு தான் நெனச்சேன். மூணு வாட்டி சாவேன்னு கண்டனா?

– அண்ணா, எத்தன மணிக்கு? காருக்கு மேல எவ்வளவு உயரம்?

– பத்து மணி. கார் கூரைக்கு மேல ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும்.

– பன்னண்டு அடி. நாலு விரல் கணக்குல... ரெண்டு மணிக்கு கூரையத் தொடும்.

– அப்பாடா! இப்ப ஒண்ணேகால் கூட ஆவல. ஃபோன் பண்ணி காரை நவுத்த சொல்லிடலாம்.

– இருங்க. பன்னண்டுக்கு மேல அக்கா சொன்ன ஆறு விரல் போடணும். அண்ணா... ஒண்ணு இருபது.

– இப்ப மணி இன்னா?

– ஒண்ணு பத்து.

– பத்து நிமிஷமா! ஃபோனு, ஃபோனு, எங்க எம் ஃபோனு? அடிக்கிது. எடுக்க மாட்டன்றாரு. சரோ, எடுக்க மாட்டன்றாரு!

– நீ அவருக்கு அடிச்சினே இரு. நான் பொன்னிக்கு அடிக்கறேன். அலோ, பொன்னி? நான் தான்டி. டீ ஆத்தறத நிறுத்து. நிறுத்துடி! வெளில போயி வண்டியப் பாரு. உப்பிலி சாரு காரு அதுக்கு அடில தான கீது? ஆங். பக்கெட்டுக்கும் காருக்கும் நடுவுல எவ்ளோ கீது? இன்னாது? ஒரு சாணா?

– ஒரு சாணா? அக்கா, நல்லா கேளுங்க, சரியா ஒரு சாணா, இல்ல கொஞ்சம் கம்மியா?

– இன்னா கண்ணு, எதுக்கு குதிக்கற?

– என் மாடல் இப்ப என்ன காட்டுது பாருங்கக்கா. இருநூத்தி இருபத்தெட்டு மில்லிமீட்டர், பன்னண்டு விரல், ஒரு சாண்! நெஜத்துல இருக்கற ஒரு வண்டி நான் சொன்ன மாதிரியே நடக்குது! மொத தடவ! எனக்கு அழுகையா வருது!

– டீச்சரம்மா, அப்பறமா அழு! அந்த மனுசன் எங்க கீறாருன்னு கேளுடி சரோ!

– பொன்னி, சாரு எங்க? எங்க? ஐயையோ. மாமா, காருக்குள்ளாற தூங்கறாராம்.

– உள்ளாறயா!

– ஏசி போட்டுகினு, சீட்ட சாச்சிகினு, பாட்டு வெச்சிகினு தூங்கறாராம். கண்ணாடி எல்லாம் மூடிக் கெடக்குதாம். பொன்னி, தட்டுடி. நல்லா தட்டு. தட்டறா மாமா. கொறட்ட வெளில கேக்குதாம்.

– அக்கா, கதவத் தெறக்கச் சொல்லுங்க!

– உள்ளாற லாக்கு போட்டு கீறாராம் கண்ணு.

– கல்லெடுத்து கண்ணாடிய ஒடைக்கச் சொல்லுங்க! எட்டு நிமிஷம் தான் இருக்கு!

– ஐயோ, புது காரு டீச்சரம்மா! கண்ணாடிய ஒடச்சா வேல போயிடும்!

– ஆளு போயிட்டா யாருய்யா ஒனக்கு வேல குடுப்பா? பொன்னி, கல்லு இருக்கட்டும். நீ கடைக்குப் போயி சக்கர டப்பாவுல கைய வுடு.

– சக்கர டப்பாவா? இந்த நேரத்துல எதுக்குடி சக்கர?

– சக்கர இல்ல மாமா. சாவி.

– சாவி எம் பாக்கெட்ல கீதுடி! இதோ பாரு!

– அது ஒன்னுது. பொன்னி, எடுத்துட்டியா? ஏறு. பொடவைய தூக்கி சொருவிக்கினு ஏறு.

– எங்க ஏறச் சொல்ற? வண்டியிலயா? வேணான்டி! அவளுக்கு பஜ்ஜி போட தெரியும், லீவர் பத்தி இன்னா தெரியும்? மாத்தித் தள்ளினான்னா பக்கெட்டு நேரா அந்தாளு வவுத்துல ஒக்காரும்! ஃபோன எங்கிட்ட குடு, நான் சொல்றேன்!

– பொன்னி, பின்னால ஒரு சத்தம் கேக்குதே, அத காதுல வாங்காத. ஸ்டார்ட் பண்ணிட்டியா? ஆங், கேக்குது. ஒரு நிமிஷம் ஓடட்டும்.

– ஆறு நிமிஷம் இருக்கு அக்கா. மொதல்ல நேரா மேல தூக்கணும். திருப்பக் கூடாது, திருப்பினா பக்கெட் பல்லு கூரையக் கீறிடும்.

– கேட்டுச்சா பொன்னி? மொதல்ல தூக்கு. மெதுவா. எவ்ளோ வந்துச்சி? ரெண்டு சாணா? இன்னும் தூக்கு. சரியும், தெரியும்ல, லேசா இழுத்துப் புடிச்சினே இரு. ஆங். இப்ப எடது பக்கமா திருப்பு. கைய எடு, கைய எடு, ஒரு மொழம் தானா போவும். நின்னுச்சா?

– சரோ, இன்னா ஆச்சி? சொல்லித் தொலையேன்!

– காரத் தாண்டிடுச்சி மாமா. எறக்கறா. கரை மேல வெச்சிட்டாளாம்.

– வெச்சிட்டாளா? சத்தமே கேக்கலியே?

– மெத்துனு வெச்சி கீறா. அதான் கேக்கல.

– காரு?

– ஒரு கீறல் இல்ல.

– அந்த மனுசன்?

– இரு, கேக்கறேன். பொன்னி, சாரு? ஆங். ஆங். இப்ப தான் எழுந்து வெளில வராராம். இன்னாவாம் அவருக்கு? மாமா, மூஞ்சில வெயில் அடிக்குதாம், நெழல எவ தூக்கினு போனான்னு கத்தறாராம்.

– கத்தட்டும். நல்லா கத்தட்டும். உயிரோட கத்தறாரு இல்ல, அது போதும். முருகா! டீச்சரம்மா, கொஞ்சம் தண்ணி குடு.

– இந்தாங்க அண்ணா. ஆனா ஒண்ணு, இன்னும் அஞ்சே நிமிஷம் விட்டிருந்தா சரியா எந்த எடத்துல நசுங்கும்னு கூட என் மாடல்...

– கண்ணு.

– சாரிக்கா. சர்டிபிகேட் வந்துடுச்சு. ஸோ, வாழ்த்துகள் அண்ணா. இதுல ஒரு கையெழுத்து போடுங்க. அண்ணா? என்ன, அக்காவையே பாத்துட்டு இருக்கீங்க?

– வெய்யி டீச்சரம்மா, போடறேன். சரோ.

– இன்னா மாமா? கெளம்பலாமா? நாலு மணிக்குள்ள போவணும்.

– பொன்னிக்கு வண்டி ஓட்ட யாரு கத்துக் குடுத்தது?

– நான் தான்.

– ஒனக்கு யாரு கத்துக் குடுத்தது?

– நீ தான். தூக்கத்துல ரெண்டு கையையும் இப்புடி அப்புடி ஆட்டி ஓட்டினே இருப்ப. பக்கத்துல படுத்துகினு பாத்துப் பாத்து கத்துக்கினேன். ரெண்டு வாட்டி எம் மூக்குல குத்தி கீற.

– சரி, கத்துக்கினீங்க. எப்ப ஓட்டினீங்க? வண்டி தான் காத்தாலேந்து சாய்ங்காலம் வரிக்கும் என்னாண்டயே கீதே?

– மத்தியானம் நீ பெஞ்சில தூங்கசொல்ல தான், மாமா. அந்த ஏரியில பாதிய தோண்டினது நானும் பொன்னியும்.